சராசரிப் பிள்ளை

ஸ்காபரோ
29.09.1996

அன்பின் இவருக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு, முக்கியமான செய்தியை முதலில் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தின் வாசிப்புக் கம்பளம் இனிமேல் நீல நிறத்தில் இருப்பதென்று முடிவாகியிருக்கிறது. இந்த முடிவு இலேசில் எடுக்கப்படவில்லை. மூன்று கூட்டங்கள் நடந்தன. பச்சைக்கென்று ஒரு கட்சி இருந்தது. பச்சை புல்லை ஞாபகப்படுத்திப் பிள்ளைகளை ஓடச் சொல்லும், நீலம் வானத்தை ஞாபகப்படுத்தி இருந்து பார்க்கச் சொல்லும் என்று அதிபர் றொபேட் விளக்கினார். வாக்கெடுப்பில் நானும் கை உயர்த்தலாமா என்று கேட்டேன். நான் தற்காலிக ஆள் என்பதால் அவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். நான் முழங்கை மட்டும் உயர்த்தினேன். நீலம் வென்றது.

ஓம், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மூன்று கிழமையாகக் கம்பளத்தைப் பற்றியே கதைத்து, எனக்கும் அப்படியே பழகிவிட்டது. மோர்னிங்சைட் பக்கம், நாலு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரையான சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பாதிப் பேர் பக்கத்து மாடிக் கட்டிடங்களிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகள். ரீச்சர் இங்கிலிசில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தமிழில் சொல்வதை இங்கிலிசில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை எந்தப் பாஷையில் சொல்வதென்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இந்த உதவியாளர் வேலை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது. வசந்த காலத்தில் இரண்டாம் வகுப்புக்கு ஒரு வாசிப்புப் பரீட்சை வைக்கிறார்கள். முழுக் கனடாவுக்கும் ஒரு சராசரி போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நிற்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் என்னைப் போல ஒருவரைத் தருவார்கள். நாங்கள் நன்றாகக் கீழே நிற்கிறோம்.

லோயரிடமும் போனேன். ஒரு முழு வருசம் விடாமல் ஒரே வேலையில் இருப்பதாகக் கடிதம் கொண்டுவந்தால் உங்களுக்கு ஸ்பொன்சர் போடலாம் என்கிறார். பள்ளிக்கூட வருசம் ஜூனில் முடிகிறது. ஆனபடியால் அடுத்த செப்டெம்பரிலும் என்னை எடுத்தால்தான் கணக்கு நிறையும். எடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே போகும்போது அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

உங்களுக்கு அங்கே விடியும் நேரத்தில் இங்கே படுக்கப் போகும்,
அன்ரனெற்

&nbsp;

வெள்ளவத்தை
20.10.1996

அன்பின் அன்ரனெற்,

உமது கடிதம் நேற்றுக் கிடைக்கப்பெற்றது. நான் நலம். லொட்ஜில் தண்ணீர் காலையில் மட்டும் நலம். உமக்கு உத்தியோகம் கிடைத்த செய்தி கண்டு அறையைப் பூட்டிவிட்டுச் சிறிது நேரம் தனியாகச் சிரித்தேன். முதலில் நீர் போவதென்றும் பிறகு நான் வருவதென்றும் நாங்கள் எடுத்த முடிவு சரியென்று இப்போது படுகிறது.

ஆனால் ஒரு வசனம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. “நாங்கள் நன்றாகக் கீழே நிற்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர். அதைச் சந்தோசமாக எழுதியது போலவும் தெரிகிறது. அன்ரனெற், நான் வட்டாரக் கல்வி அதிகாரியாக இருந்தவன். என்னுடைய வட்டாரத்தில் ஒரு பாடசாலை சராசரிக்குக் கீழே போனால் அன்றிரவு நான் சாப்பிடுவதில்லை. நீர் சோற்றை மூடி வைத்துவிட்டு, “அது உங்கடை பிழையே?” என்று கேட்பீர். என்னுடைய பிழை அல்ல. ஆனாலும் பசிக்காது.

எனவே பின்வரும் ஆலோசனைகளை அனுப்புகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் ஒரு வரியாவது சத்தமாக வாசிக்க வேண்டும். பிழை விட்டால் உடனே திருத்தக் கூடாது. அந்த வரி முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும். சராசரி என்பது ஓர் ஆள் அல்ல. ஆனால் ஓர் ஆளுக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுத்துப் பாரும். ஒரு வருடத்தில் அந்தப் பாடசாலையை மேலே கொண்டுவரலாம். இதைக் கட்டளையாக அல்ல, வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளும். கட்டளையாக எடுத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போடவும்.

தூரத்திலிருந்து கையொப்பமிடும்,
சீமோன்

&nbsp;

ஸ்காபரோ
17.11.1996

அன்பின் இவருக்கு,

சுகம். முதல் பனி கொட்டிவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். அது பனியைச் சாப்பிட. வகுப்புக்குள் வந்ததும் மூடிவிடுகிறார்கள்.

சராசரிக்கு மரியாதை கொடுக்கச் சொன்னீர்கள். அதை யோசித்தபடி பஸ்ஸில் நித்திரையாகிவிட்டேன். கனவில் அந்தப் பிள்ளை வந்தது. சராசரிப் பிள்ளை. பாதி பெடியன், பாதி பெட்டை. சாம்பல் நிறக் கோட்டு. ஒன்றே முக்கால் சகோதரங்கள் இருப்பதாகச் சொன்னது. முக்கால் யாரென்று கேட்டேன். “அது இன்னும் வரேல்லை” என்றது. நீலக் கம்பளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு கதைப் புத்தகத்தை நடுப்பக்கம் வரை பிழையில்லாமல் வாசித்தது. அதற்கு மேல் அதற்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி அது கவலைப்படவும் இல்லை. மூச்சு விட்டபோது ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாய்ப் புகார் படிந்தது. கண்ணைத் திறந்தால் பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிறது, வெளியே எல்லாம் வெள்ளை, றைவர் என்னைப் பார்த்துக்கொண்டு சான்ட்விச் சாப்பிடுகிறான்.

நீங்கள் சொன்னபடி தாய்மாரைக் கூட்டிச் சராசரி என்றால் என்னவென்று விளக்கினேன். ரதி என்றொரு இளம் தாய், பதினோராம் மாடி, பேக்கரியில் வேலை. கடைசி மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, “உதெல்லாம் சரி அன்ரி. என்ரை மகள் எத்தினையாம் பிள்ளை?” என்றாள். இங்கே வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று இடம் போடுவதில்லை என்றேன். “அப்ப என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?” என்றாள். மற்றத் தாய்மாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவளுடைய மகள் துவாரகாவுக்கு ஏழு வயது. அவள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்த்து வாசிக்கிறாள். என் உதடு அசையப் போவதை எப்படியோ முதலே கண்டுபிடித்துவிடுகிறாள். நான் முகத்தைத் திருப்பினால் வாசிப்பு நின்றுவிடும். என்னை வாசிப்பதற்குப் பரீட்சை வைத்தால் முழுக் கனடாவிலும் முதலாம் பிள்ளை அவள்தான்.

காலுறை இரண்டு சோடி போட்டால் சப்பாத்துக்குள் கால் போகுதில்லை.

இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு எழுதும்,
அன்ரனெற்

&nbsp;

வெள்ளவத்தை
10.12.1996

அன்பின் அன்ரனெற்,

நத்தார் வாழ்த்துக்கள். நான் நலம். இருமல் போய்விட்டது, பக்கத்து அறைக்காரருக்குப் போயிருக்கிறது.

நீர் கனவில் கண்ட பிள்ளையின் விபரங்களைக் கவனமாக வாசித்தேன். தொப்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அந்தக் குளிரில் காது திறந்திருக்கக் கூடாது. எங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லாதபடியால் எந்த அளவில் வாங்குவதென்று எனக்குத் தெரியாது. நடுத்தர அளவு சரியாக இருக்கும் என நினைக்கிறேன். அடுத்த முறை வந்தால் போட்டு விடும்.

பெற்றோர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் ஆட்களுக்குப் பாடசாலையின் மானம் பெரிது. என்னுடைய வட்டாரத்தில் நான் இன்ஸ்பெக்சனுக்குப் போகிற நாளில் தாய்மார் தாங்களாகவே படிப்பில் மட்டமான பிள்ளைகளை வீட்டில் மறித்துவிடுவார்கள். கேட்டால் காய்ச்சல் என்பார்கள். ஒரு தீவுப் பாடசாலையில் அரைவாசி வகுப்புக்கு ஒரே நாளில் காய்ச்சல். மிச்சப் பிள்ளைகள் வாய்பாட்டை மழை மாதிரிக் கொட்டினார்கள். நான் உள்ளபடி அறிக்கையில் எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சுகாதாரப் பகுதியார் மருந்துப் பெட்டியோடு வள்ளத்தில் போய் இறங்கினார்கள். காய்ச்சல்காரர் எல்லாரும் கடற்கரையில் பந்தடித்துக்கொண்டு நின்றார்களாம்.

சத்த வாசிப்பை விட வேண்டாம்.

இரட்டைக் காலுறை ஆலோசனையை வாபஸ் பெறும்,
சீமோன்

&nbsp;

ஸ்காபரோ
12.01.1997

அன்பின் இவருக்கு,

சுகம். புது வருசப் பூசைக்குப் போய் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைக்குத் தொப்பி போட்டாயிற்று. காதை மூடினதும் ஒன்றும் கேட்கவில்லை என்றது. அதனால் இப்போது இன்னும் அமைதியாக இருக்கிறது.

இங்கே ரதி வீட்டில் ரியூசன் தொடங்கிவிட்டது. நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகப் பையோடு பதினோராம் மாடிக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு தகப்பன் என்னிடம் கடந்தகால வினாத்தாள் கேட்டார். ஏழு வயதுக்குக் கடந்த காலமே பெரிதாக இல்லை என்றேன். “அப்ப மாதிரி வினாத்தாள் எண்டாலும்?” என்றார். ரதி பேக்கரியிலிருந்து மீன் அடைத்த மாலுபாண் கொண்டுவருவாள். ஒரு வரி வாசித்தால் ஒரு மாலுபாண். வாசிப்பு நன்றாக முன்னேறுகிறது.

உங்கள் கடிதத்தைத் தாய்மாருக்கு வாசித்துக் காட்டினேன். வள்ளத்தில் மருந்துப் பெட்டி போன இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரதிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் அன்ரி, தம்பியை மறிச்சவ” என்றாள்.

பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். கீழே பனி, மேலே விளக்கு, நடுவில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரியை வேறு வேறு நேரத்தில் வாசிக்கிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நீங்கள் மோட்டார் சைக்கிளை வாசலில் நிற்பாட்டிவிட்டு உள்ளே வரப்போவது போல இருக்கும்.

மாலுபாண் மணக்கும் கையால் எழுதும்,
அன்ரனெற்

&nbsp;

ஸ்காபரோ
16.03.1997

அன்பின் இவருக்கு,

நான் சுகம். உங்களிடமிருந்து டிசம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. தபால் பிந்துகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் வருகிறது.

உங்கள் முறை பலிக்கிறது. போன கிழமை அதிபர் றொபேட் வகுப்புக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டுக் கை தந்தார். இந்த ஏப்ரலில் நாங்கள் தேசிய சராசரியைத் தொட்டாலும் தொடுவோம் என்றார். தொட்டால் உதவியாளருக்கான இடம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும், அங்கே புதிதாக ஆள் எடுப்பார்கள், அதை நாங்கள் பெரிய வெற்றியாக நினைக்க வேண்டும் என்றார். நான் பஸ் தரிப்பு வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு போனேன்.

இன்னும் ஆறு பேர் வாசிப்பில் தடக்குப்படுகிறார்கள். துவாரகாவும் அதில் ஒருத்தி. ஆனால் இப்போது ஒரு சொல்லை என் முகத்தைப் பார்க்காமல் வாசிப்பாள். அடுத்த சொல்லுக்குத் திரும்பி வந்துவிடுவாள், சரியோ என்று பார்க்க. பரீட்சை ஏப்ரல் 22.

சராசரிப் பிள்ளை இந்த நாட்களில் வருவதில்லை. நித்திரை குறைவு.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

தபால்காரனின் நடையைப் படித்துக்கொண்டிருக்கும்,
அன்ரனெற்

&nbsp;

வெள்ளவத்தை
06.04.1997

அன்பின் அன்ரனெற்,

நான் நலம். பெப்ரவரியில் லொட்ஜில் சோதனை நடந்தது. எங்களில் சிலரைப் பொலிஸார் கூட்டிச் சென்று ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். என்னிடம் அடையாள அட்டை இருந்தது; அடையாளம் போதவில்லை. வேறு ஒன்றும் இல்லை. வலது கை கொஞ்சம் சுகமில்லாதபடியால் மார்ச் முழுவதும் எழுதவில்லை. எழுத்து மாறியிருப்பதை நீர் கவனித்திருப்பீர்.

அங்கே இருந்தபோது யோசிக்க நேரம் கிடைத்தது. செப்டெம்பரில் நீர் உம்முடைய வேலையைப் பற்றி எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது அங்கேதான் உறைத்தது. கல்வி அதிகாரி ஒருவர் வாசிப்பில் சராசரிக்குக் கீழே.

கற்பித்தல் சம்பந்தமாக என்னுடைய கருத்துக்களைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். சின்னப் பிள்ளைகளை அவசரப்படுத்துவது நல்லதல்ல என்று ஆய்வுகள் சொல்கின்றன. எந்த ஆய்வு என்று கேட்க வேண்டாம். ரியூசனைக் கொஞ்சம் ஆறப்போடலாம். முக்கியமாக, பரீட்சை நாளில் ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது. தடக்குப்படுகிற பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும். உண்மையான சராசரி தெரிய வேண்டும் அல்லவா. காய்ச்சல் கதையை இனி ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

உம்மைக் கண்டு மூன்று வருடம் ஆகப் போகிறது. இதையும் ஒரு புள்ளிவிபரமாகவே எழுதுகிறேன்.

இடது கையால்,
சீமோன்

&nbsp;

ஸ்காபரோ
04.05.1997

அன்பின் இவருக்கு,

நான் சுகம். உங்கள் கைக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கோ. அந்த ஒன்பது நாளைப் பற்றி நீங்கள் எழுதினதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் கிடைத்தது. அடுத்த நாள் காலமை வகுப்புக்குப் போனால் ஆறு கதிரை வெறுமை. கந்தோரில் கேட்டேன், ஆறு வீட்டிலிருந்தும் போன் வந்ததாம், ஆறு பேருக்கும் காய்ச்சல். றொபேட் பயந்துபோய் எல்லாரையும் கை கழுவ வைத்தார். பத்து மணிக்கு முதல் வருகிற பிள்ளைகளை எழுத விடலாம் என்றும் சொன்னார். நான் கந்தோருக்குப் போய் ரதிக்குப் போன் எடுத்தேன்.

“அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்றாள். “ஆறு வீடும் கதைச்சு முடிச்சிட்டம். இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிச்சனீங்கள், உங்களுக்கு நல்ல பேர் வரவேணும்.”

“துவாரகா என்ன செய்யிறா?”

“போர்வைக்குள்ளை கிடக்கிறா. காய்ச்சல் எண்டால் படுக்கத்தானே வேணும். ஏன் அன்ரி, கூட்டிக்கொண்டு வரட்டே? சொன்னால் அஞ்சு நிமிசத்திலை வந்திடுவன்.”

போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். போனில் என் முகம் தெரியாதுதானே, அவளுக்குக் கஷ்டம்.

“ரீச்சர், நான் வந்தால் எல்லாருக்கும் குறையுமாம். உண்மையோ?”

சுவரில் மணிக்கூடு இருந்தது. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. உங்கள் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. கிளார்க் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன். “காய்ச்சல்காரர் பள்ளிக்கூடம் வரக் கூடாது. அதுதான் காரணம். வேறை ஒண்டும் இல்லை.”

“எனக்குக் காய்ச்சல் இல்லையே ரீச்சர்.”

“இருக்கு. நான் போனிலையே சூடு காணுறன். நல்லா மூடிக்கொண்டு படு.”

“ஓம் ரீச்சர்” என்றாள். சந்தோசமாகச் சொன்னது போலத்தான் இருந்தது.

வகுப்புக்குத் திரும்பினேன். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்தது. பிள்ளைகள் எழுதுகிற சத்தம் இலையில் பூச்சி ஊர்கிற மாதிரி. துவாரகாவின் கதிரையில் சராசரிப் பிள்ளை இருந்தது, தொப்பியோடு. நான் நித்திரை கொள்ளவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அது தாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பென்சிலைக் கீழே வைத்தது.

நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை. அதற்குக் காரணம் எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது தாள்.

எண்ணெய் பூச மறக்க வேண்டாமென்று கேட்கும்,
அன்ரனெற்

&nbsp;

ஸ்காபரோ
29.06.1997

அன்பின் இவருக்கு,

சுகம். என் மே மாதக் கடிதம் கிடைத்ததோ தெரியவில்லை. கோபம் என்றால் கோபமென்று எழுதலாம்.

முடிவு வந்தது. தேசிய சராசரியை விட இரண்டு புள்ளி மேலே. றொபேட் பெற்றோரைக் கூட்டி, இதற்குக் காரணம் பள்ளிக்கூடத்தின் புதிய சூழல் என்றார். கம்பளத்தைக் குறிப்பிட்டுச் சொன்னார். பிறகு என்னையும் சொன்னார். தாய்மார் எனக்கு ஒரு சேலை எடுத்துத் தந்தார்கள். ரதி எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்து, “நாங்களும் எங்களால ஏண்டதைச் செய்தனாங்கள் அன்ரி” என்று காதுக்குள் சொன்னாள். ஓம் பிள்ளை, செய்தனீங்கள் என்றேன்.

என்னுடைய இடம் செப்டெம்பரிலிருந்து எக்ளின்டன் வீதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அது தமிழ் தெரிந்த உதவியாளருக்கான இடமென்று எழுதியிருப்பதால் தமிழ் தெரிந்த ஆளைத்தான் எடுப்பார்களாம். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. நானும் விண்ணப்பித்தேன். எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு ஒரு வருச அனுபவம் போதாதென்று கடிதம் வந்தது.

செப்டெம்பரில் துவாரகாவுக்குப் பக்கத்தில் ஆர் இருப்பார்கள் என்று ரதி கேட்டாள். நான் றொபேட்டிடம் கேட்டேன். சராசரிக்கு மேலே உள்ள பள்ளிக்கூடத்தில் பின்தங்கிய பிள்ளைகளென்று தனியாக ஒரு பிரிவு கிடையாது என்றார். கடைசி நாள் அவள் என்னிடம் ஒரு முழு வரி வாசித்துக் காட்டினாள். புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து ரதியின் பேக்கரியில் வேலை. வருசக் கணக்கைப் புது வேலையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று லோயர் சொல்கிறார்.

உங்கள் எழுத்தைக் காண ஆசையாயிருக்கும்,
அன்ரனெற்

&nbsp;

வெள்ளவத்தை
20.07.1997

அன்பின் அன்ரனெற்,

உமது இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் நலம். இது வலது கை எழுத்து, பாரும். கோபம் இல்லை. மே மாதக் கடிதத்துக்குப் பதில் பலமுறை எழுதினேன். ஒன்றும் அறிக்கை மாதிரி இல்லாமல் வரவில்லை.

இரண்டு புள்ளி மேலே என்பது கண்டு, ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அதிகாரி என்ற முறையில் பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டேன். போனில் சூடு காண்கிற முறையைப் பற்றி என்னுடைய சேவைக் காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. உம்முடைய இடத்தில் நான் நின்றிருந்தால் அந்தப் பிள்ளையை வரச் சொல்லியிருப்பேன். பிறகு எந்த முகத்தோடு கனடா வந்திருப்பேன் என்று தெரியாது.

நேற்றுப் பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய் இருந்தேன். கண் அயர்ந்துவிட்டது. உம்முடைய சராசரிப் பிள்ளை கல்லில் குந்தியிருந்தது. இங்கே வெக்கை என்றபடியால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தது. உம்மைத் தெரியுமா என்று கேட்டேன். “பாதி தெரியும்” என்றது. ரயில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் காதைப் பொத்தினோம். ரயில் போன பிறகு நான் மட்டும் இருந்தேன்.

பேக்கரியில் அடுப்புப் பக்கம் நிற்கும்போது கையைக் கவனியும்.

என்றும் உம்முடைய,
சீமோன்

பி.கு.: லொட்ஜ் அறையை அடுத்த வருடம் ஜூலை வரை எடுத்திருக்கிறேன்.